ஒரு எண்ணை மாற்ற ஒன்றரை நாள்

ஆறு வருடமாக ஃப்ரண்ட்எண்ட், அதாவது இணையப் பக்கங்களின் திரைகளை எழுதும் வேலை பார்க்கும் ஒருவர் கேட்டிருக்கிறார்: "நான் சேர்ந்தபோது ரியாக்டில் (திரைகளைக் கட்டும் ஜாவாஸ்கிரிப்ட் லைப்ரரி) கிளாஸ் எழுதச் சொன்னார்கள். அதைப் பழகியதும் இனி ஹூக்ஸ்தான் (அதே வேலைக்குப் புது எழுத்துமுறை) என்றார்கள். வெப்பேக் (பல ஃபைல்களை பிரவுசருக்காக ஒன்றாகக் கட்டும் கருவி) கான்ஃபிக் பிடிபடவே பல மாதம் ஆனது; இப்போது அது பழசு, வீட் என்ற கருவிக்கு மாறு என்கிறார்கள். கற்றது எதுவும் இரண்டு வருடம் தாங்குவதில்லை. இன்றைக்கும் புதிதாகச் சேர்ந்தவன் போலத்தான் உட்கார்ந்திருக்கிறேன். இந்த வேலையில் அனுபவம் என்று ஒன்று சேருகிறதா, இல்லையா?"

சேருகிறது. ஆனால் அதற்கு முன், உங்கள் எரிச்சல் முழுக்க நியாயமானது என்று சொல்லிவிடுகிறேன். "இந்தத் துறை அப்படித்தான், கற்றுக்கொண்டே இருக்க வேண்டும்" என்று உங்களுக்குப் பலர் சொல்லியிருப்பார்கள். முன்பு செய்ய முடியாத ஒன்றைச் செய்யக் கற்பதில் மகிழ்ச்சி இருக்கிறது. நேற்றுவரை செய்துகொண்டிருந்த அதே வேலையை இன்று வேறு கட்டளையில் செய்யக் கற்பதில் அந்த மகிழ்ச்சி கிடையாது. அது வெறும் செலவு. உங்கள் இரவுகளிலிருந்தும் ஞாயிற்றுக்கிழமைகளிலிருந்தும் போகிற செலவு.

எனக்கு நேர்ந்ததைச் சொல்கிறேன். 2025 செப்டம்பர் 22 முதல் ஜிஎஸ்டி விகிதங்கள் மாறின. 12, 28 சதவீத அடுக்குகள் எடுக்கப்பட்டு, பெரும்பாலான பொருட்கள் 5 அல்லது 18க்கு வந்தன. ஒரு சிறிய மொத்த வியாபாரக் கடைக்கு 2018இல் நாங்கள் எழுதிக் கொடுத்த பில் போடும் திரையில், சில பொருட்களுக்கு 12 என்று இருப்பதை 5 என்று மாற்ற வேண்டும். எந்த ஃபைல் என்பதுகூட எனக்கு நினைவிருந்தது. மாற்ற இரண்டு நிமிடம் ஆனது. மாற்றியதை பில்ட் செய்ய, அதாவது பிரவுசரில் ஓடும் வடிவத்துக்குக் கட்டி எடுக்க, ஒன்றரை நாள்.

என்னிடம் இருந்தது புது மடிக்கணினி, அதில் நோட் 22 (பிரவுசருக்கு வெளியே ஜாவாஸ்கிரிப்டை ஓட்டும் மென்பொருள்). தேவையான பேக்கேஜ்களை இறக்கும் என்பிஎம் இன்ஸ்டால் கட்டளை கொடுத்ததும் முதலில் நின்றது நோட்-சாஸ். சாஸ் மொழியில் எழுதியதை, பக்கத்தின் தோற்றத்தைச் சொல்லும் சிஎஸ்எஸ் ஆக்கித் தரும் பேக்கேஜ் அது. உள்ளே சி++ நிரல் இருப்பதால், ஒவ்வொரு நோட் வெர்ஷனுக்கும் தனியாகத் தயாரித்த பைனரி அதற்கு வேண்டும். எங்களுடைய பழைய பதிப்புக்கு நோட் 22க்கான பைனரி கிடையாது. கிடைக்காதபோது அது தானே கம்பைல் செய்யப் பார்க்கும். அதற்கு பைத்தான் 2 கேட்டது. பைத்தான் 2க்கான ஆதரவோ 2020 ஜனவரி 1ஆம் தேதியோடு முடிந்துவிட்டது.

சரி என்று நோட்-சாஸை எடுத்துவிட்டு அதே வேலையைச் செய்யும் டார்ட் சாஸ் போட்டேன். அடுத்து வெப்பேக் 4 விழுந்தது. 'டிஜிட்டல் என்வலப் ரொட்டீன்ஸ், அன்சப்போர்ட்டட்' என்று ஒரு எரர். இதைப் பார்க்காத ஃப்ரண்ட்எண்ட் ஆள் குறைவு என்று நினைக்கிறேன். 2021 அக்டோபரில் நோட் 17 வந்தபோது அதனுள் ஓபன்எஸ்எஸ்எல் 3 என்ற குறியாக்க லைப்ரரி வந்தது. எம்டி4 என்ற பழைய ஹாஷ் முறை பலவீனமானது என்பதால் அது அதை மூடி வைத்தது. வெப்பேக் 4 அந்த எம்டி4ஐத்தான் பயன்படுத்தியது, அதுவும் ஃபைல்களுக்கு அடையாளப் பெயர் வைக்க மட்டும். இரண்டு பக்கமும் தவறு செய்யவில்லை. நடுவில் மாட்டியது நாம். பழைய முறையை அனுமதிக்கும் ஃப்ளாக் போட்டு அதையும் தாண்டினேன். பில்ட் ஆனது, ஆனால் சாஸ் மாறியதில் பில் அச்சாகும் பக்கத்தில் கட்டங்கள் நகர்ந்துவிட்டன.

கடைசியில் செய்த மாற்றங்களையெல்லாம் திரும்ப எடுத்தேன். டாக்கரில் (பழைய சூழலைத் தனியாக ஓட்டித் தரும் கருவி) நோட் 10 இமேஜை இறக்கி, எந்தப் பேக்கேஜில் எந்தப் பதிப்பு என்று குறித்து 2018இல் சேமித்து வைத்திருந்த லாக் ஃபைலை வைத்து, அதில் உள்ளபடியே இன்ஸ்டால் செய்யும் என்பிஎம் சிஐ கொடுத்தேன். பத்து நிமிடத்தில் பில்ட் வந்தது. ஞாயிறு இரவு. மறுநாள் காலை கடை திறக்கும்போது புது விகிதம் அமலுக்கு வருகிறது.

இந்தக் கதையில் எனக்கு முக்கியமாகப் படுவது வேறொன்று. அதே கடைக்கு 2010இல் ஒரு டெலிவரி சலான் பக்கம் எழுதியிருந்தேன். ஒரு எச்டிஎம்எல் ஃபைல், பக்கத்தில் ஜேக்வெரி என்ற ஜாவாஸ்கிரிப்ட் லைப்ரரி. பில்ட் எதுவும் கிடையாது. அன்று ராத்திரி அதையும் இன்றைய குரோமில் திறந்து பார்த்தேன். பதினைந்து வருடம் கழித்தும் ஒரு வரி மாற்றாமல் சலான் அச்சானது.

இரண்டும் ஜாவாஸ்கிரிப்ட்தான். ஒன்று ஏழு வருடத்தில் திறக்க முடியாமல் போகிறது, மற்றொன்று பதினைந்து வருடம் நிற்கிறது. ஏன் என்று யோசித்தால் உங்கள் கேள்விக்கான பதில் அங்கேயே இருக்கிறது. கட்டடத்தைச் சுற்றிக் கட்டும் சாரம் போலத்தான் நம் கருவிகள். சவுக்குக் கம்பு போய் இரும்புக் குழாய் வரும், கட்டும் முறையும் மாறும். உள்ளே இருக்கிற தூணும் அடித்தளமும் அப்படி மாறுவதில்லை. நம் துறையில் சாரம் கட்டுவதற்கே அத்தனை நேரம் போவதால், அதுதான் வேலை என்று நினைக்கத் தொடங்கிவிடுகிறோம்.

அந்த அடித்தளத்தை எவ்வளவு பத்திரமாகக் காக்கிறார்கள் என்பதற்கு ஒரு நிகழ்ச்சி சொல்கிறேன். ஜாவாஸ்கிரிப்ட் மொழியில் எதைச் சேர்ப்பது என்று முடிவெடுப்பது டிசி39 என்ற குழு. அடுக்கடுக்காக இருக்கும் அரேயை (மதிப்புகளின் பட்டியல்) ஒரே அடுக்காக்க 'ஃப்ளாட்டன்' என்ற மெத்தடைச் சேர்க்க முடிவு செய்தார்கள். 2018இல் ஃபயர்ஃபாக்ஸின் சோதனைப் பதிப்பில் அதைப் போட்டதும் ஒரு தளம் உடைந்தது. மூடூல்ஸ் என்ற பழைய லைப்ரரி தானாகவே அதே பெயரில் ஒரு மெத்தட் வைத்திருந்ததும், புதியது அதோடு மோதியதும் காரணம். மூடூல்ஸை அப்போது புதிதாக யாரும் எடுத்துப் பயன்படுத்திக்கொண்டிருக்கவில்லை. 'பழைய தளங்கள் திருத்திக்கொள்ளட்டும்' என்று சொல்லியிருக்கலாம். குழு அப்படிச் சொல்லவில்லை, மொழியின் மெத்தட் பெயரையே மாற்றியது. நீங்கள் இன்று எழுதும் 'ஃப்ளாட்' அப்படி வந்ததுதான். யாரோ எப்போதோ எழுதிவிட்டு மறந்துபோன பக்கங்கள் திறக்க வேண்டும் என்பதற்காக! என் சலான் பக்கம் அச்சானதற்குப் பின்னால் இப்படிப்பட்ட மனிதர்களின் பொறுமை இருக்கிறது. அதை நினைக்கும்போது எனக்கு உண்மையாகவே நன்றி தோன்றுகிறது.

அப்புறம் ஏன் அதன் மேலே இருக்கும் கருவிகள் இப்படிப் பறக்கின்றன? சலிப்பில் சிலர் "எல்லாம் விளம்பரத்துக்காக" என்கிறார்கள். அப்படியே ஒப்புக்கொள்ள முடியவில்லை. பெரும்பாலான மாற்றத்துக்குப் பின்னால் ஒரு உண்மையான குறை இருந்தது.

பெரிய குறை மாட்யூல். 1995 மே மாதம் நெட்ஸ்கேப்பில் பிரெண்டன் ஐக் பத்து நாளில் முதல் வடிவத்தை எழுதிய மொழி இது. ஒரு ஃபைலிலிருந்து இன்னொரு ஃபைலை அழைக்கும் வசதியே அதில் இல்லை. பக்கத்தில் இரண்டு படம் அசைய வைக்க அது தேவைப்படவும் இல்லை. 2009இல் நோட் வந்து, 2010இல் என்பிஎம் வந்து, மற்றவர் எழுதிய பேக்கேஜை எடுத்து ஆள்வது வழக்கமானதும் தேவைப்பட்டது. மொழியில் இல்லாததால் வெளியே கட்டினார்கள். நோட் ஒரு முறையை எடுத்துக்கொண்டது, பிரவுசரில் ரிக்வயர்ஜேஎஸ் வேறொரு முறையைக் கொண்டுவந்தது. ஃபைல்களை ஒன்றாகக் கட்டித் தர 2011இல் பிரவுசரிஃபை, 2012இல் வெப்பேக். இடையில் வேலைகளை வரிசைப்படுத்த கிரன்ட், அடுத்து கல்ப். மொழிக்கே மாட்யூல் இலக்கணம் கிடைத்தது 2015இல்தான். பெரிய பிரவுசர்கள் எல்லாம் அதை நேரடியாகப் புரிந்துகொள்ள 2018 ஆனது.

இந்தத் தேதிகளை ஒருமுறை அடுத்தடுத்து வைத்துப் பாருங்கள். நீங்கள் மாதக்கணக்கில் போராடிய வெப்பேக் கான்ஃபிக்கில் பெரும்பகுதி, மொழியில் இருந்த அந்த ஓட்டையை அடைக்கத்தான் இருந்தது. ஓட்டை மூடியதும், 'டெவலப் செய்யும்போது எல்லாவற்றையும் கட்டித் தர வேண்டாம், பிரவுசரே மாட்யூலை எடுத்துக்கொள்ளட்டும்' என்று 2020இல் இவான் யூ வீட் கருவியை வெளியிட முடிந்தது. வெப்பேக்கைப் புரிந்துகொண்டவருக்கு வீட் ஏன் வேகமாக இருக்கிறது என்பது ஒரு நிமிடத்தில் விளங்கும். வெப்பேக்கைத் தொடாதவர் அது தானாக வேகமாக இருக்கிறது என்றுதான் நினைப்பார், ஒரு நாள் மெதுவானால் எங்கே பார்ப்பது என்று அவருக்குத் தெரியாது. வீண் என்று நீங்கள் நினைக்கிற மாதங்கள் வீணாகவில்லை என்று நான் சொல்வது ஆறுதலுக்காக இல்லை.

இன்னொரு குறை வேகம். ஜாவாஸ்கிரிப்டில் எழுதிய கருவிகள் பெரிய ப்ராஜெக்டில் மூச்சு வாங்கின. 2020இல் இவான் வாலஸ் ஈஎஸ்பில்ட் என்ற கட்டும் கருவியை கோ மொழியில் எழுதிக் காட்டியபின், எல்லாரும் கோ அல்லது ரஸ்ட் பக்கம் போகிறார்கள். டைப்ஸ்கிரிப்ட் (ஜாவாஸ்கிரிப்டில் வகைக் குறிப்பு சேர்த்த மொழி) கம்பைலரையே கோ மொழிக்கு மாற்றுவதாக 2025 மார்ச்சில் அறிவித்தார்கள். இதில் நம் பக்கம் மாற வேண்டியது அதிகமில்லை.

எல்லா மாற்றத்தையும் இப்படி மன்னித்துவிட முடியாது. 2014 அக்டோபரில் பாரிஸில் நடந்த ஆங்குலர் ஃப்ரேம்வொர்க் மாநாட்டில், அடுத்த பதிப்பில் அதன் அடிப்படைப் பகுதிகளான கன்ட்ரோலரும் ஸ்கோப்பும் இருக்காது என்று கல்லறைக் கல் படம் போட்டுக் காட்டினார்கள். அவற்றை வைத்து வேலை செய்து சம்பளம் வாங்கிக்கொண்டிருந்தவர்கள் எத்தனை பேர்! 2016இல் வந்த ஆங்குலர் 2, பெயரில் மட்டும்தான் பழையதன் தொடர்ச்சி. பழையதுக்கான ஆதரவு 2021 கடைசியில் நின்றது. இடைப்பட்ட வருடங்களில் எழுதிய திரைகளை மறுபடி எழுதியே பிழைப்பு நடத்திய குழுக்களில் நானும் இருந்திருக்கிறேன். அந்தத் திரைகளைப் பயன்படுத்திய குமாஸ்தாக்களுக்கு அதனால் ஒரு பயனும் இல்லை. அதே காலத்து ரியாக்டைப் பாருங்கள். 2019இல் ஹூக்ஸ் வந்தது. 2024 டிசம்பரில் வந்த ரியாக்ட் 19இலும் கிளாஸ் ஓடுகிறது. ஹூக்ஸ்தான் எழுத வேண்டும் என்ற அழுத்தம் ரியாக்டிலிருந்து வந்ததைவிட, கூட வேலை பார்ப்பவர்களிடமிருந்தும் இன்டர்வியூ அறைகளிலிருந்தும் வந்ததுதான் அதிகம். இரண்டும் ஒரே அளவு குற்றமில்லை.

எழுதுகிறவர் களைத்துப்போவதும் ஒரு காரணம். நாம் நம்பியிருக்கும் பல பேக்கேஜ்களை ஒருவரோ இருவரோ தங்கள் சொந்த நேரத்தில் பார்த்துக்கொள்கிறார்கள். 2016 மார்ச்சில் லெஃப்ட்-பேட் என்ற 11 வரி பேக்கேஜை அதன் ஆசிரியர் நீக்கியதும் பேபல் என்ற பிரபலக் கருவி உட்பட உலகம் முழுக்க பில்டுகள் நின்றன. பல வருடம் எல்லாரும் பயன்படுத்திய ரிக்வெஸ்ட் பேக்கேஜ் 2020 பிப்ரவரியில் கைவிடப்பட்டது. தேதிகளைக் கையாளும் மொமென்ட் அதே வருடம் செப்டம்பரில் 'இனி புது வசதி சேர்க்க மாட்டோம்' என்று அறிவித்தது. காரணத்தையும் வேறு எதை எடுக்கலாம் என்பதையும் தெளிவாக எழுதிவிட்டு ஒதுங்கினார்கள். அப்படி மரியாதையாக விடைபெறுபவர்கள்மேல் எனக்குக் கோபம் வருவதில்லை.

இந்த வேகம் யாரை அதிகம் வதைக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். என்னோடு வேலை பார்த்த ஒரு பெண், எங்கள் குழுவிலேயே சிஎஸ்எஸ்ஸில் அவரை மிஞ்ச ஆள் இல்லை, குழந்தை பிறந்து இரண்டு வருடம் கழித்துத் திரும்பி வந்தார். முதல் நாள் ப்ராஜெக்டைத் திறந்து பார்த்துவிட்டு, "எனக்கு எல்லாம் மறந்துபோச்சு, நான் ஃப்ரெஷர் மாதிரி ஆயிட்டேன்" என்றார். அவருக்கு எதுவும் மறக்கவில்லை. போட வேண்டிய கட்டளைகள் மாறியிருந்தன, அவ்வளவுதான். இரண்டாவது வாரம், மொபைலில் மட்டும் பக்கம் பக்கவாட்டில் ஓடுகிற ஒரு பிரச்சினையை மற்றவர்கள் மூன்று நாள் தேடிக்கொண்டிருந்தார்கள். அவர் இன்ஸ்பெக்டரைத் திறந்து அரை மணி நேரத்தில் பிடித்தார். புதுக் கருவி ஏதும் அதற்குத் தேவைப்படவில்லை. ஆனால் அதற்கு முந்தைய இன்டர்வியூக்களில் எத்தனை பேர் அவரிடம் கருவிப் பெயர்களை மட்டும் கேட்டுவிட்டு அனுப்பியிருப்பார்கள்! ஆள் எடுக்கும் இடத்தில் நீங்கள் உட்காரும் நாள் வரும். அன்று இதை நினைவில் வையுங்கள்.

இனி என்ன செய்வது? நான் பின்பற்றுவதைச் சொல்கிறேன்.

ஒரு தலைமுறையைத் தாண்டிப் போவதற்குப் பயப்படாதீர்கள். கிரன்ட், பவர், பேக்போன் போன்ற இடைக்காலக் கருவிகள் எதையும் தொடாமல் ஜேக்வெரியிலிருந்து நேராக ரியாக்டுக்கு வந்தவர்களை எனக்குத் தெரியும். அவர்கள் எதையும் இழக்கவில்லை. பவர் பின்னாளில் தன் தளத்திலேயே வேறு கருவிக்குப் போகச் சொல்லிவிட்டது. புதிதாக ஒன்றைப் பற்றிப் பேச்சு கிளம்பினால், அது எந்தக் குறையைத் தீர்க்கிறது என்பதை மட்டும் படித்துக்கொள்ளுங்கள். அந்தக் குறை உங்கள் ப்ராஜெக்டில் இல்லையென்றால் அங்கேயே நிறுத்தலாம். ஒன்றை எடுப்பது என்று முடிவானால் கிட்ஹப் நட்சத்திரங்களைப் பார்க்காமல் அதன் சேஞ்ச்லாக்கை (பதிப்புதோறும் மாறியவற்றின் பட்டியல்) படியுங்கள். கடந்த இரண்டு பெரிய பதிப்பு மாற்றத்தில் பழைய பயனர்களை எப்படி நடத்தினார்கள் என்பது அதில் அப்படியே தெரியும். கோ மொழி 2012இல் முதல் பதிப்போடு, அதற்கு எழுதிய நிரல் பிந்தைய பதிப்புகளிலும் கம்பைல் ஆகும் என்று வாக்குக் கொடுத்து இன்றுவரை பெரும்பாலும் காப்பாற்றி வருகிறது. எஸ்க்யூலைட் டேட்டாபேஸை எழுதுகிறவர்கள் 2050 வரை ஆதரவு தரப் போவதாகச் சொல்கிறார்கள். இப்படி வெளிப்படையாக வாக்குக் கொடுப்பவர்களிடம் உங்கள் நேரத்தைக் கொடுங்கள்.

வியாபாரக் கணக்கை ஃப்ரேம்வொர்க் ஃபைல்களுக்குள் எழுதாதீர்கள். அந்த ஜிஎஸ்டி விகிதம் திரையின் நிரலுக்குள் இல்லாமல் சர்வரில் ஒரு டேபிளில் இருந்திருந்தால் எனக்கு பில்டே தேவைப்பட்டிருக்காது. விகிதம், தள்ளுபடி, தேதிக் கணக்கு எல்லாம் தனி ஃபைலில், எந்த லைப்ரரியையும் இம்போர்ட் செய்யாத வெறும் ஃபங்ஷன்களாக இருக்கட்டும். சாரம் மாறும்போது அவை அப்படியே நகரும்.

ப்ராஜெக்ட் முடிந்து ஒப்படைக்கும் நாளில் ஒரு மணி நேரம் ஒதுக்கி, அதைக் கட்டத் தேவையான நோட் வெர்ஷன், லாக் ஃபைல், டாக்கர் ஃபைல் மூன்றையும் சேர்த்து வையுங்கள். லாக் ஃபைல் மட்டும் 2018இல் சேர்ந்திருந்ததால் நான் தப்பித்தேன். ஓடிக்கொண்டிருக்கும் ப்ராஜெக்டில் அப்டேட்டை வாரா வாரம் செய்யாதீர்கள், நான்கு வருடம் தள்ளியும் போடாதீர்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை இரண்டு நாள் என்று மேலாளரிடம் கேட்டு வாங்கி வையுங்கள். பாதுகாப்புத் திருத்தம் என்றால் மட்டும் உடனே. ஒரேயடியாக நான்கு பதிப்பு தாண்டுவதுதான் நம் சனி ஞாயிறுகளைக் கொண்டுபோகிறது.

கற்கும் நேரத்தில் பாதியையாவது நிலையானவற்றுக்குக் கொடுங்கள். எச்டிடிபியில் கேஷ் எப்படி வேலை செய்கிறது, குக்கீ எப்போது போகும் எப்போது போகாது, பிரவுசர் ஒரு பக்கத்தை எந்த வரிசையில் வரைகிறது, எஸ்க்யூஎல்லில் இன்டெக்ஸ் எப்படிப் பயன்படுகிறது. இவற்றில் நான் 2010இல் படித்ததில் பெரும்பகுதி இன்றுவரை காலாவதியாகவில்லை. ஏஐ உதவியாளர்களைப் பயன்படுத்தினாலும் இது தேவைதான். அவை பழைய நிரலைப் படித்து வளர்ந்தவை என்பதால், கைவிடப்பட்ட கட்டளையைக்கூட உறுதியாகச் சொல்லித் தரும். அது பழசு என்று கண்டுபிடிக்க வேண்டியது நீங்கள்.

கடைசியாக உங்கள் குழு கேட்கும் மாற்றம். ரியாக்ட் ப்ராஜெக்டைத் தொடங்கித் தரும் கிரியேட் ரியாக்ட் ஆப் கருவி 2025 பிப்ரவரியில் அதிகாரபூர்வமாகக் கைவிடப்பட்டது. நீங்கள் அதில் இருந்தால் வீட் கருவிக்கு மாறலாம், அது வீண் வேலையாக இருக்காது. சொந்தமாக எழுதிய வெப்பேக் 5 கான்ஃபிக்கில் நன்றாக ஓடிக்கொண்டிருந்தால் அவசரமே இல்லை. அதை விட்டு வையுங்கள். மாறுவதாக இருந்தால் முதலில் இன்டெக்ஸ் எச்டிஎம்எல்லை பப்ளிக் ஃபோல்டரிலிருந்து ப்ராஜெக்டின் மேல்தட்டுக்குக் கொண்டுவாருங்கள், அதில் உங்கள் தொடக்க ஃபைலுக்கு ஒரு ஸ்கிரிப்ட் டேக் போடுங்கள். ஜேஎஸ்எக்ஸ் (ஜாவாஸ்கிரிப்டுக்குள் எச்டிஎம்எல் போல எழுதும் முறை) எழுதியிருக்கும் ஃபைல்களின் பெயர் ஜேஎஸ் என்று முடிந்தால் ஜேஎஸ்எக்ஸ் என்று மாற்றுங்கள். ரியாக்ட் ஆப் என்று தொடங்கும் சூழல் மாறிகள் வீட் என்று தொடங்க வேண்டும், படிக்கும் இடத்தில் ப்ராசஸ் என்பதற்குப் பதில் இம்போர்ட் மெட்டா வரும். நாங்கள் மாற்றியபோது இதில் ஒன்றை விட்டுவிட்டோம், பில்ட் எரர் காட்டவில்லை, லைவில்தான் தெரிந்தது. அதனால் பழைய பெயரை ப்ராஜெக்ட் முழுக்கத் தேடிப் பாருங்கள். ஜெஸ்ட் கருவியில் எழுதிய டெஸ்ட்களை இப்போதே வேறு கருவிக்கு மாற்றாதீர்கள். புது பில்ட் நிலைத்த பிறகு, அதைத் தனியாக இன்னொரு நாள் செய்துகொள்ளலாம்.